சொல்லாமல் அணையும் லேப்டொப்: ஒரு பழுதின் வரலாறு

பழைய லேப்டொப் ஒன்றில் புதிய இயங்குதளத்தை ஏற்றிய சில நாட்களில் அது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகத் தொடங்குவது, கணினி திருத்தும் தொழிலில் இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் பழுது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில், அக்குறணையைத் தாண்டினால் வருவது அலவத்துகொட. இப்படிப்பட்ட சிறு நகரங்களின் திருத்தும் கடைகளில் இந்தப் பழுது பெரும்பாலும் ஒரே வாக்கியமாகத்தான் வந்து சேரும்: “அப்டேட் பண்ணினதுல இருந்து தானா ஓஃப் ஆகுது, நானா.” எப்போது தொடங்கியது, என்ன நடக்கிறது என்ற இரண்டும் அந்த வாக்கியத்தில் இருக்கின்றன. ஏன் என்பது மட்டும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் முறை, வீட்டுக்கு வந்த கரண்டின் வரலாறு, பெட்டரியின் வரலாறு, மென்பொருள் மின்விசையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட வரலாறு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கியது.

கரண்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம், ஏனெனில் இந்த ஊர்களில் சந்தேகம் முதலில் அதன் மீதுதான் விழுந்தது. இலங்கையின் நீர்மின் திட்டத்தை முதலில் வகுத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கனவு கண்ட லக்சபான மின் நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மின்சார சபை 1969 நவம்பரில் நிறுவப்பட்டது. மகாவலித் திட்டத்தின் முதற்பலன் அலவத்துகொடவின் பக்கத்திலேயே விளைந்தது. கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்லையில் மகாவலி ஆற்றை மறித்து, நீரை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே மலைக்கு அப்பால் கொண்டுசென்றார்கள். அந்த நீரில் ஏறத்தாழ 40 மெகாவாட் திறனுள்ள உக்குவளை மின் நிலையம் 1976இல் சுழலத் தொடங்கியது. அலவத்துகொடவிலிருந்து உக்குவளை சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் மின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துவிடாது. மலைச்சரிவு வீடுகளுக்குக் கம்பி ஏறியது மெல்ல மெல்லத்தான். நீண்ட கம்பியின் கடைசி வீட்டில் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் விளக்குப் போடும்போது 230 வோல்ட் நன்றாகவே இறங்கிவிடும்.

இந்தச் சூழலில்தான் திருத்தும் தொழில் வளர்ந்தது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது ரேடியோ கசெட்டுகளைத் தூக்கி வந்தார்கள். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியோடு ‘ஸ்டெபிலைசர்’ என்ற சொல்லும் வீட்டுக்குள் வந்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் பிற்பகல் இடிமழையில் அன்டெனாக் கம்பியைக் கழற்றி வைக்கும் பழக்கம் அப்போது தோன்றி இன்றுவரை பல வீடுகளில் இருக்கிறது. ‘தானாக ஓஃப் ஆகும்’ பழுதைத் திருத்துநர்கள் முதன்முதலில் கற்றுக்கொண்டதும் அந்தப் பெட்டிகளில்தான். பெட்டி சூடேறியதும் அணையும், ஆறியதும் எரியும். பின்மூடியைக் கழற்றி, திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் சர்க்கிட் போர்டை ஆங்காங்கே மெதுவாகத் தட்டுவார்கள். ஓரிடத்தில் தட்டியதும் படம் போய் வரும். அங்கே ஈயப்பற்றில் மயிரிழை அளவு வெடிப்பு இருக்கும். சூட்டில் அது விரிந்து தொடர்பை அறுக்கும். ‘டிரை சோல்டர்’ என்று இதற்குப் பெயர். சூடு, தொடர்பு, மின்னழுத்தம் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும் அந்தக் கைப்பழக்கமே பின்னால் கணினி மேசைக்கும் வந்தது.

மேசைக் கணினிகள் 1990களில் பரவின. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்து கிடைத்தது. மழை பொய்த்த 1996இலும், மீண்டும் 2001, 2002இலும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மேசைக் கணினிக்குச் சொந்தப் பெட்டரி இல்லை. கரண்ட் போன அந்த நொடியே அது இறந்துவிடும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் கணினி வாங்குவது வீண் என்ற எண்ணம் நிலைபெற்றது. அதே காலத்தில் இன்னொரு பழுதும் உலகெங்கும் வந்தது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உற்பத்தியான பல மதர்போர்டுகளில், தரங்குறைந்த மின்பகுபொருள் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் தலை உப்பி வெடித்தன. உப்பிய கெப்பாசிட்டரைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். வெள்ளி நிறத் தலையில் ஒரு சிறு மேடும், அதன் ஓரத்தில் பழுப்புக் கசிவும் தெரியும். திருத்துநர்கள் அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டினார்கள்; கணினி மீண்டும் நின்று வேலை செய்தது. லேப்டொப்பில் பழுது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை.

தோஷிபா நிறுவனம் டி1100 என்ற லேப்டொப்பை 1985இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கால இயந்திரங்களில் மின்விசை என்பது உண்மையான விசைதான். விரலால் தள்ளினால் சுற்று அறுபடும். மென்பொருளுக்கு அதில் வேலை இல்லை. 1992இல் இன்டெலும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற மின் மேலாண்மை முறையை வெளியிட்டன. அதிலும் பெரும்பாலான முடிவுகளை இயந்திரத்துக்குள் பதிந்த அடிப்படை மென்பொருளான பயோஸே எடுத்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏசிபிஐ அந்த அதிகாரத்தை இயங்குதளத்துக்கு மாற்றியது. எப்போது தூங்குவது, எந்தச் சூட்டில் காற்றாடியைச் சுழற்றுவது, எந்தச் சூட்டில் இயந்திரத்தை அணைத்துக் காப்பாற்றுவது என்பனவற்றை உற்பத்தியாளர் ஓர் அட்டவணையாக எழுதிப் பயோஸில் வைப்பார். இயங்குதளம் அதைப் படித்து நடக்கும்.

அப்டேட்டுக்குப் பிந்தைய அணைவின் வேர் ஒன்று இங்கே இருக்கிறது. உற்பத்தியாளர் அந்த அட்டவணையை அன்றைய விண்டோஸோடுதான் சோதித்துப் பார்த்திருப்பார். எக்ஸ்பி காலத்து அட்டவணையை விண்டோஸ் 7 வேறு விதமாகப் படிக்கலாம். விண்டோஸ் 7 காலத்து அட்டவணையை விண்டோஸ் 10உம், லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய கருவும் இன்னும் வேறு விதமாகப் படிக்கலாம். சூட்டை அளக்கும் உணரி தவறான எண்ணைத் தந்தால், ஆபத்தான சூடு வந்துவிட்டது என்று நம்பி இயங்குதளம் தானே அணைத்துவிடும். லினக்ஸ் என்றால் ‘ஆபத்தான வெப்பநிலை எட்டியது, அணைக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டே அணைக்கும். பழுது தேடுபவருக்கு அந்த ஒரு வரி பொன் போன்றது.

இரண்டாவது வேரான பெட்டரியின் கதை தனி. சோனி நிறுவனம் 1991இல் லித்தியம் அயன் பெட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், லேப்டொப்புகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. பழைய லேப்டொப்பின் நீண்ட பெட்டரிப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஆறு உருளைகள் இருக்கும். இரண்டு இரண்டாகச் சேர்ந்து மூன்று சோடிகள். ஒவ்வொரு சோடியும் ஏறத்தாழ 3.7 வோல்ட், மூன்றும் தொடராக இணைந்து 11 வோல்ட் சொச்சம். கூடவே ஒரு சிறு காவல் போர்ட். எந்தச் சோடியின் அழுத்தமாவது எல்லைக்குக் கீழே விழுந்தால், அந்தப் போர்ட் மொத்தப் பெட்டரியையும் அறுத்துவிடும். ஐந்து வருடம் உழைத்த பெட்டரியில் மூன்று சோடிகளும் ஒரேயளவு மூப்படைவதில்லை. திரையில் 40 வீதம் என்று காட்டும். இயந்திரம் திடீரென அதிக மின்னோட்டம் கேட்கும். பலவீனமான சோடி ஒரு நொடி தொய்யும். காவல் போர்ட் அறுத்துவிடும். பார்ப்பவருக்கு அது காரணமே இல்லாத அணைவாகத் தெரியும்.

இதே நிகழ்ச்சியை உலகம் கைபேசியில் பார்த்தது. ஐபோன் 6 வகைகள் சார்ஜ் இருக்கும்போதே அணைகின்றன என்ற முறைப்பாடுகள் பெருகின. மூப்படைந்த பெட்டரியால் உச்ச மின்னோட்டத்தைத் தர முடியாததே காரணம். ஆப்பிள் 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், அத்தகைய போன்களின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பெட்டரி மாற்றும் விலையையும் குறைத்தது. அந்த அப்டேட் பெட்டரியின் முதுமைக்கு ஏற்பப் போனை மெதுவாக்கியது. லேப்டொப் அப்டேட்டுகளோ பெரும்பாலும் எதிர்த்திசையில் போகின்றன. முதிய பெட்டரியிடம் மேலும் மேலும் கேட்கின்றன.

மூன்றாவது வேர் சூடு. செயலியின் உட்சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால், எந்த மென்பொருளையும் கேட்காமல் வன்பொருளே மின்சாரத்தை அறுத்துவிடும். பதிவேட்டில் எதுவும் எழுத நேரமிருக்காது. 2008இல் என்விடியா நிறுவனத்தின் சில லேப்டொப் வரைகலைச் சில்லுகள் அடியிலுள்ள பற்றுகள் சூட்டில் வெடித்துச் செயலிழந்தன; அதற்காக அந்நிறுவனம் கோடிக்கணக்கான டொலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. தொலைக்காட்சிக் காலத்து டிரை சோல்டர், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துத் திரும்பி வந்ததே இது. பிடியால் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஹொட் எயார் கருவியால் சில்லைச் சூடாக்கிப் பார்ப்பது அப்போது வழக்கமானது. அந்தச் சிகிச்சை சில வாரங்களோ மாதங்களோதான் தாங்கும். அதை நிரந்தரத் தீர்வாக விற்பது நேர்மையான தொழிலாகாது.

இந்த மூன்று வேர்களும் அப்டேட் நாளில் ஒன்றுசேர்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 10, 2015 ஜூலை 29இல் வெளியாகி, 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஓராண்டு இலவசமாகக் கிடைத்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் நின்றது. ஒவ்வொரு திகதியும் ஒரு தொகுதி பழைய இயந்திரங்களைப் புதிய இயங்குதளத்துக்குள் தள்ளியது. ஏற்றி முடிந்த பின் முதல் சில மணி நேரம், சில வேளை இரண்டு மூன்று நாட்கள், இயந்திரம் ஓய்வதில்லை. கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் சோதனை நடத்தும், மேலும் அப்டேட்டுகளை இறக்கும், வன்பொருளை இயக்கும் ட்ரைவர்களை மாற்றும். எக்ஸ்பியில் ஒரு கடிதம் தட்டிக்கொண்டு பத்து வீத உழைப்பில் காலம் கழித்த செயலி, இப்போது தொண்ணூறு வீதத்தில் மணிக்கணக்காக ஓடுகிறது. ஐந்து வருடத் தூசி அடைத்த காற்றாடி அதுவரை போதுமானதாக இருந்தது, இனிப் போதாது. தொய்ந்த பெட்டரியும் அதுவரை போதுமானதாக இருந்தது. அதுவும் இனிப் போதாது. அப்டேட் பழுதை உண்டாக்கியது என்பதைவிட, ஒளிந்திருந்த பழுதை வெளியே இழுத்துப் போட்டது என்பதே பல இயந்திரங்களில் சரியான கூற்று. இதை அறியாமல் மீண்டும் மீண்டும் விண்டோஸை அழித்து ஏற்றிய வீட்டுக்காரர்களின் பணமும், அதோடு அழிந்துபோன படங்களும் ஏராளம்.

ஆகவே திருத்துநர்களிடையே ஓர் ஒழுங்கு உருவானது. எளிதானதும் செலவில்லாததும் முதலில், திறந்து பார்ப்பது பிறகு, போர்டில் கை வைப்பது கடைசியில். முதல் கேள்வி, அணைவு எந்த வகை என்பது. ‘அணைக்கிறது’ என்று திரையில் காட்டி அணைந்தால் கட்டளை கொடுத்தது மென்பொருள். நீலத் திரை வந்து திரும்ப ஓடினால் ட்ரைவர் அல்லது நினைவகம். விளக்கை ஊதியதைப் போல் ஒரே நொடியில் இருண்டால் மின்சாரம் அல்லது சூடு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கும். இது காரணத்தைச் சொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் முன்பு ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும், அடுத்த முறை எழும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. அதிலுள்ள பிழைக் குறியீடு பூச்சியமாக இருந்தால், விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியாது என்று பொருள். தேடுபவரின் கண் வன்பொருள் பக்கம் திரும்ப அது போதும்.

அடுத்தது இயங்குதளத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுவிக்கும் சோதனை. லேப்டொப்பைப் பயோஸ் திரையில் ஒரு மணி நேரம் விட்டுவைப்பார்கள். அங்கே விண்டோஸ் இல்லை. அதிலும் அணைந்தால் அப்டேட்டுக்குச் சம்பந்தமில்லை. அணையாவிட்டால், பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, ஒரு வீடியோவையும் சேர்த்து ஓடவிடுவார்கள். லினக்ஸிலும் அணைந்தால் பழுது இயந்திரத்தில். விண்டோஸில் மட்டும் அணைந்தால் ட்ரைவர், மின் அமைப்பு, பயோஸ் அப்டேட் என்று தேடல் சுருங்கும். 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த வேகத் தொடக்கமும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. அது உண்மையில் முழுதாக அணைப்பதில்லை. இயங்குதளத்தின் கருவை வன்தட்டில் உறங்கவைத்து மறுநாள் எழுப்புகிறது. பழைய ட்ரைவர்கள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழாததால் வந்த கோளாறுகள், அந்த வசதியை நிறுத்தியதுமே பல இயந்திரங்களில் தீர்ந்தன.

பெட்டரியையும் சார்ஜரையும் பிரித்துப் பார்ப்பது இதற்கிடையில் நடக்கும். கழற்றக்கூடிய பெட்டரி என்றால் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டுவார்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிப் பெட்டரியில் மட்டும். விண்டோஸ் 8 முதல் பெட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. பிறந்தபோது இருந்த கொள்ளளவையும் இன்று நிரம்பும் அளவையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே இருந்தால் மேலும் பேசத் தேவையில்லை. சார்ஜரின் வயிற்றில் 19 வோல்ட், 3.42 அம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அதாவது 65 வாட். மல்டிமீட்டரை வைத்தால் 19 காட்டும். ஆனால் சும்மா இருக்கும்போது பெரும்பாலான சார்ஜர்கள் 19 காட்டும். லேப்டொப் முழு உழைப்பில் ஓடும்போது அளந்தால்தான் நோயாளி யார் என்று தெரியும். குறைந்த வாட் உள்ள மாற்றுச் சார்ஜர்கள் அங்கேதான் சரிகின்றன.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பழைய வீடுகளில் பிரித்தானியக் காலத்து உருண்டை முள் சொக்கட்டுகள். புதிய கருவிகளுக்குச் சதுர முள் பிளக். 2010களின் பிற்பகுதியில் 13 அம்பியர் சதுர முள் வகையைத் தேசியத் தரமாக அரசு ஏற்றுக்கொண்டாலும், சுவரில் பதிந்த சொக்கட்டுகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நடுவே எல்லா முள்ளையும் ஏற்கும் மல்டி பிளக். அதன் தளர்ந்த பித்தளைப் பிடிக்குள் முள் ஆடும். மேசையில் யாராவது கை வைத்தால் தொடர்பு ஒரு கணம் அறுந்து ஒட்டும். பெட்டரி நன்றாக இருந்தால் அந்தக் கணத்தைத் தாங்கிவிடும். இறந்த பெட்டரியோடு சார்ஜரை நம்பி ஓடும் லேப்டொப் அந்தக் கணத்தில் அணைந்துவிடும். வீட்டில் அணையும், கடையில் நாள் முழுதும் ஓடும் லேப்டொப்பின் மர்மம் பல வேளை இந்தச் சிறு பித்தளைத் துண்டில் முடிகிறது.

இவையெல்லாம் சரி என்றான பின்பே மூடியைத் திறப்பார்கள். செப்புக் குழாய் முடியும் இடத்தில் வரிசையாக மெல்லிய தகடுகள். அவற்றுக்கும் காற்றாடிக்கும் நடுவே, கம்பளித் துண்டை வெட்டி வைத்தது போல் சாம்பல் நிறத் தூசிப் படலம். பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். மூடியின் வெளியே இருந்து தூரிகை போட்டவர்கள், ஊதியவர்கள் எல்லோரும் அந்தப் படலத்துக்கு இப்பால்தான் துப்புரவு செய்திருப்பார்கள். செயலியின் மேல் பூசிய வெண்பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிரும். அதை மதுசாரத்தால் துடைத்துப் புதிய பசையை அரிசி மணியளவு வைத்து மூடினால், சூடு இருபது பாகை இறங்குவதும் உண்டு. பிங்கா ஓயா பெருகினால் வெள்ளம் ஏறும் அக்குறணைப் பக்கத்து ஈரமும் போர்டுகளில் தன் வேலையைக் காட்டும். இணைப்பு முட்களில் பச்சைக் களிம்பு படியும். நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பொன் நிற முனையை அழிறப்பரால் தேய்த்துப் போடும் பழக்கம் அதனால் வந்தது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, அலுமாரியில் கிடந்த லேப்டொப்புகள் எல்லாம் மேசைக்கு வந்தன. நாள் முழுதும் வீடியோ வகுப்பு, முழு உழைப்பு. 2022இல் ரூபாய் சரிந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதிய லேப்டொப் எட்டாக் கனியானது. அதே மார்ச் 31இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. கரண்ட் வந்த வேளையில் நிரப்பி, போன வேளையில் அடிவரை காலி செய்து, முதிய பெட்டரிகள் அந்த ஆண்டில் வேகமாகக் கரைந்தன. மலிவு மாற்றுப் பெட்டரிகள் சந்தையை நிரப்பின. அவற்றில் பலவற்றின் அளவுகாட்டி உண்மை பேசாது. 60 வீதத்தில் அணையும் புதுப் பெட்டரி என்ற முரண் அவற்றோடு வந்தது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 காவல் சில்லையும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. பழைய லேப்டொப்புகளில் பல அந்த வாசலைத் தாண்ட முடியாதவை. சோதனையைத் தவிர்த்து வலிந்து ஏற்றுபவர்கள் உண்டு. அப்படி ஏற்றியவற்றிலும் அதே பழுது, அதே வாக்கியம். பெட்டரி, சார்ஜர், காற்றாடி மூன்றையும் சரிசெய்துவிட்டு இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், எழுத்து வேலைக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் அவை இன்னும் சில வருடம் ஓடும். எல்லாம் மாற்றிய பிறகும் அணைந்தால் மிச்சம் மதர்போர்டின் மின் பகுதிதான். அங்கே திருத்தும் கூலி லேப்டொப்பின் பெறுமதியைத் தாண்டிவிடும். அப்போது வன்தட்டைக் கழற்றித் தகவல்களை வேறொன்றுக்கு ஏற்றிக் கொடுப்பார்கள். திரை, விசைப்பலகை, நினைவகம், காற்றாடி ஆகியவை அடுத்து வரும் லேப்டொப்புக்காகத் தட்டில் எடுத்து வைக்கப்படும்.